குடியேறினவை

பாபகூரா ரயிலில் எனக்கு முன்னால் ஓர் இலங்கைத் தமிழ்த் தம்பதி. நிரந்தர விசா கிடைத்த கடிதத்தைக் கணவர் விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். சந்தோஷப்பட வேண்டிய மனிதர், இருப்புக்கொள்ளாமல் தவித்தார்.

“இந்த ஊரில பூர்வீகச் சனமான மாவோரியள்தான் தமிழர்,” என்றார் திடீரென்று.

“என்ன விசர்க்கதை?” என்றார் மனைவி.

“கடிதத்தின்ர தலைப்பைப் பாரும், மாவோரி மொழியிலயும் கிடக்கு. அவையின்ர பாஷையும் அரசகரும மொழியாம். கீழ முழுக்க இங்கிலிஷ்.”

“ஓம், எங்களுக்கும் அப்பிடித்தானே. தமிழும் அரசகரும மொழி எண்டுபோட்டு, சிங்களத்தில கடிதம் போட்டவங்கள். அவையளுக்குக் காணியும் போச்சோ?”

“போச்சு. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம்.”

“அப்ப நாங்கள் ஆர்?”

“நாங்கள் குடியேறினவை.”

மனைவி கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

“எங்கட வயலில அரசாங்கம் குடியேத்தின சனமும் இப்பிடித்தான் ஒரு கடிதம் காட்டினது.”