பின்சீட்டுக் காத்து

ஏசியில சூடாக் காத்து வந்தா எல்லாரும் கேஸ் தீந்துருச்சுன்னுதான் சொல்லுவாங்க சார். கேஸ் எங்கீங்க தானாத் தீரும்? எங்கயாவது ஒழுகியிருக்கோணும். ஒழுக்கைப் பார்க்காம கேஸை மட்டும் அடிச்சு அனுப்புறவங்க நாமக்கல்ல நெறையப் பேரு இருக்காங்க. நான் அப்படி இல்லைங்க. என் வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது.

மச்சான் சுப்பையன், எங்க அக்கா சௌந்திரத்தோட ஊட்டுக்காரரு, சித்திரை வெயில்ல வண்டியக் கொண்டாந்து உட்டாரு. பரமத்தி வேலூர்ல கொடிக்கால், வாழைத்தோப்புன்னு வசதிதான். வண்டி மட்டும் பழசு. "ஏசி போட்டா அனலா அடிக்குது மாப்ள. கண்ணாடியை எறக்கி உட்டுட்டுத்தான் ஓட்டறேன்"னாரு. கூட அக்கா மக கனிஷ்காவும் வந்திருந்துச்சு.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லோணும். அந்தப் புள்ள பெரியவளானப்ப பச்சை ஓலை கட்டி, சீர் வைக்க வேண்டியது கூடப்பொறந்த மாமன் நானுங்க. தட்டோட மண்டபத்துக்குப் போனா, மச்சான் வாசல்லயே நிறுத்திட்டாரு. உள்ளார எங்க பெரியப்பா பையன் நவீன்குமார் மாமனா நின்னு மாலை போட்டுட்டிருக்கறான். போர் போடற ரிக் வண்டி வச்சிருக்கற காசுக்காரன். "அவனும் முறைக்கு மாமன்தான மாப்ள. உன்ற நகக்கண்ணுல கிரீஸ் நிக்குது, போட்டோவுல தெரியும். நீ அப்பறமா வைய்யி"ன்னாரு. என் தட்டைப் பந்தியில எலைக்கட்டுப் பக்கத்துல வச்சாங்க. அக்கா பார்த்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. தட்டுல இருந்த பச்சைப் பட்டுச்சேலையை மட்டும் நான் திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன். அன்னைக்கு எரிஞ்ச வயிறு இன்னும் ஆறலைங்க. ஏசி ரிப்பேர்னா மட்டும் நான் மாப்ள.

மீட்டரை மாட்டிப் பார்த்தேன், கேஸ் கம்மி. பைப் சேர்ற எடத்துல எண்ணெய்ப் பிசுக்கு, அங்கதான் ஒழுக்கு. ரப்பர் வளையத்தை மாத்தி, கேஸ் நெரப்பி, முன்னாடி ஃபேன் ஓடுதான்னும் பார்த்தேன். ஐஸ் மாதிரி வந்துச்சு.

ஒழுக்குத் தேடி அடியில படுத்தப்பத்தான் நீங்க ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கேக்கற அந்தச் சைலன்சரையும் பார்த்தேன். என்ஜினுக்குக் கிட்டயே பைப் வெடிச்சிருந்துச்சு. அதுக்கு நேரா மேல தரைத் தகடு துருப்புடிச்சு ஓட்டை. பொகை வண்டிக்குள்ளதான் போகும், மூடுன வண்டியில அது விஷமுங்க. கண்ணாடியை எறக்கி ஓட்டுன வரைக்கும் அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஏசி சரியாயிட்டாக் கண்ணாடியை ஏத்திருவாங்க. அது எனக்குத் தெரியாம இருக்குமுங்களா?

பக்கத்துலயே வெல்டிங் பட்டறை இருக்குது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நான் சொல்லல. ஏசியைப் பார்க்கச் சொன்னாங்க, ஏசியைப் பார்த்தேன். கையைத் தொடச்சுட்டுச் சாவியைக் குடுத்தேன். "கண்ணாடியை நல்லா ஏத்திக்கங்க மச்சான், அப்பத்தான் கூலிங் நிக்கும்"னேன். எல்லா வண்டிக்காரங்களுக்கும் சொல்றதுதானுங்க.

அப்பறம் மல்லசமுத்திரத்துல ஒரு கல்யாணம். சாப்பிட்டுட்டு, அக்கா மண்டபத்துல பேசிட்டிருக்க, அப்பனும் புள்ளையும் வண்டியில ஏசியைப் போட்டுட்டுக் கண்ணசந்திருக்காங்க. அக்கா வந்து கண்ணாடியைத் தட்டியிருக்குது. ரொம்ப நேரம் தட்டியிருக்குது, ரெண்டு பேருமே எந்திரிக்கல.

மச்சானுக்குத்தானுங்க நான் நெனச்சது. புள்ள மேல எனக்கென்ன கோவம்? பட்டறையில வண்டியை எடுக்கறப்ப பின்சீட்டுல உக்காந்துக்கிட்டு, "மாமா, எனக்குக் காத்தே வர மாட்டேங்குது"ன்னுச்சு. "இரு சாமி"ன்னு நடு வென்ட்டை அதோட மூஞ்சிக்கு நேராத் திருப்பி வச்சது நான்தான். "இப்ப சூப்பரா வருது மாமா"ன்னு சிரிச்சுச்சு.

புள்ளைக்குக் கோடித்துணி போடறதுக்கு மாமன் வேணும்னு என்னையத்தான் கூப்பிட்டாங்க. நவீன்குமார் ஓரமா நின்னுட்டிருந்தான். புதுசா எதும் எடுக்கல, அந்தப் பச்சைப் பட்டுச்சேலையவே கொண்டு போய் என் கையால போத்துனேன். முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா சார். அன்னைக்கு யாரும் என்னைய வாசல்ல நிறுத்தல.