சங்கத்தின் நான்கு டயர்கள்

மேடையில் மட்டுமல்ல, நம் எல்லோருடைய மனத்திலும் தலைமை வகிக்கும் தலைவர் செபஸ்தியன் அவர்களே! பெர்மாஸ் ஜெயாவில் பிரியாணி என்றாலே பெயர் சொல்லத் தேவையில்லாத, இன்றைக்கும் நமக்கு வயிறார ஆக்கிப் போடக் காத்திருக்கும் உணவக உரிமையாளர் நாசர் அவர்களே! உலு திராமிலிருந்தும் செடெனாக்கிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்திருக்கும் என் சக ஓட்டுநர்களே! பொறுமை காக்கும் பெரியோர்களே! கணவர் ஓட்டும் காருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்தே பிரேக் போடும் தாய்மார்களே! உங்கள் செயலாளர் லோகேஸ்வரனின் வணக்கத்தை, இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இல்லாத இந்த அரிய வேளையில், கூப்பித் தருகிறேன்.

அதோ, மூன்றாவது வரிசையில் சின்னத்தம்பி போனைத் தடவிக்கொண்டிருக்கிறார். அண்ணே, அந்த ஓட்டத்தை வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும். இங்கே ஓடப்போவது நம் பிழைப்பின் கதை!

விதி என்ன சொல்கிறது? கார் பத்து வயதைத் தாண்டினால் செயலி வழியாகப் பயணி ஏற்றக் கூடாது என்கிறது. பத்து வயதுக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம். பத்து வயதுக் காரை மட்டும் பழைய இரும்புக்கு அனுப்பச் சொல்கிறார்கள்! நான் கேட்கிறேன். ஆண்டைக் கேட்கிறீர்களே, அச்சைக் கேட்டீர்களா? பிறந்த தேதியைக் கேட்கிறீர்களே, பிரேக்கைக் கேட்டீர்களா? காகிதத்தில் வயது பார்க்கிறீர்களே, காருக்கு நாடி பார்த்தீர்களா?

கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள். ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் இதே கை தட்டத் தயங்கும். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பின் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே பிரெட்ரிக், அவரைப் பாருங்கள். செடெனாக் தோட்டத்தில் பிறந்தவர். ஞாயிறு தோறும் கோயில் பூசை முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு, காரின் மூடியைத் திறந்து, எண்ணெயும் தண்ணீரும் பார்க்காமல் மதியச் சோற்றில் கை வைக்காதவர். வருகிற ஜூனில் அவர் காருக்குப் பத்து நிறைகிறது. எஞ்சின் இன்னும் இளமையாகப் பாடுகிறது. புதுக் கார் வாங்க அவரால் முடியாது; மகள் ஆட்ரி கல்லூரியில் படிக்கிறாள். ஜூன் வந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? இதுதான் இன்று நம் முன்னால் நிற்கும் கேள்வி. வயதைப் பார்க்காதீர்கள், காரின் நிலையைப் பாருங்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதும் தீர்மானம் என் சட்டைப்பையில் இருக்கிறது. வாசித்தால் நீங்கள் எல்லோரும் கை தூக்குவீர்கள் என்றும் எனக்குத் தெரியும்.

ஆனால் அன்பர்களே, காரின் நிலையைப் பாருங்கள் என்று கேட்க நமக்கு வாய் இருக்கிறதா?

சிரிப்பு நின்றுவிட்டது. நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று ஓட்டுநர்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதவர்கள் தாய்மார்கள்தான். அவர்களுக்காகச் சொல்கிறேன்.

நம் சங்கத்துக்கு ஒரு சொத்து உண்டு. நிலமல்ல, கட்டடமல்ல. ரிம்மோடு சேர்ந்த நான்கு புத்தம் புது டயர்கள்! நாசர் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே அடுக்கி வைத்திருந்தோம். நம்மில் முக்கால்வாசிப் பேர் ஒரே வகைக் கார் வைத்திருப்பதால் அத்தனை பேருக்கும் அவை பொருந்தும். ஆண்டுப் பரிசோதனை யாருக்கு வருகிறதோ, அவர் காருக்கு முதல்நாள் அவற்றை மாட்டுவோம். கார் தேறும். திரும்பி வந்ததும் கழற்றுவோம். தேய்ந்து வழுக்கையான பழைய டயர்களையே மறுபடி மாட்டிவிடுவோம். வாட்ஸ்அப்பில் அதற்குப் பெயர் புதுச் செருப்பு. "நாளைக்குச் செருப்பு எனக்கு லா, யாரும் எடுத்துடாதீங்க" என்று அர்ச்சுனன் போட்ட செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. ஏன் அர்ச்சுனன் தலையைக் குனிகிறீர்கள்? அந்தச் செய்திக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியவனே நான்தான்!

இதை ஏமாற்று என்று நாங்கள் நினைக்கவில்லை. உதவி என்று நினைத்தோம். ஒற்றுமை என்று பெருமைப்பட்டோம். ஒருவருக்கு ஒருவர் ஜாக்கி பிடித்தோம், நட்டு முறுக்கினோம், தேறியதும் டீக்கடையில் தேத்தாரே வாங்கிக் கொடுத்தோம். போன நவம்பரில் பிரெட்ரிக் காருக்கு அந்த டயர்களை மாட்டியவன் நான். மறுநாள் கழற்றி, பழையதை மாட்டியவனும் நான்.

அதற்கு அடுத்த வாரம் மழை. நம் ஜொகூர் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலு திராமில், பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்தும் மைமூன் அம்மையார், மடியில் சம்பால் பானையோடு பிரெட்ரிக் காரில் ஏறினார். மழையைப் பார்த்துத் தயங்கியவரிடம் பிரெட்ரிக் சொல்லியிருக்கிறார்: "பயப்படாதீங்கக்கா, போன வாரம்தான் காடி இன்ஸ்பெக்ஷன் பாஸ் ஆச்சு." அந்த ஒரு வார்த்தையை நம்பி அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிக்னல் விளக்கு சிவந்தது. பிரெட்ரிக் பிரேக்கை மிதித்தார். பிரேக் பிடித்தது ஐயா, பிரேக் பிடித்தது! டயர்தான் தரையைப் பிடிக்கவில்லை. கார் வழுக்கிப் போய்க் கம்பத்தில் மோதி நின்றது.

எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது, அந்த அம்மா நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பாஜு சட்டை முழுவதும் சம்பால். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. எலும்பு முறிந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. அவர் அழவில்லை. திட்டவில்லை. ஆம்புலன்ஸ் வரும் வரை காரின் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், பிரெட்ரிக்கைக் கேட்டார்.

"தம்பி, பாஸ் ஆச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? இந்த டயரு எப்படிப் பாஸ் ஆச்சு?"

பிரெட்ரிக் என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன். ஒன்பது ஆண்டுகள் இந்தச் சங்கத்துக்காக எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறேன்! அன்று ஒரு பெண்மணி ஒரே ஒரு கேள்வி கேட்டதும், ஆம்புலன்ஸுக்கு வழி விடுகிற சாக்கில் நகர்ந்துவிட்டேன். அவ்வளவு வெட்கத்தை என் வாழ்நாளில் நான் பட்டதில்லை.

மருத்துவமனையில் போய்ப் பார்த்தோம். அவர் ஒரு புகார் கொடுத்திருந்தால் பிரெட்ரிக் அன்றோடு முடிந்திருப்பார், நாமும் நாறியிருப்போம். அவர் கொடுக்கவில்லை. "புகாரெல்லாம் வேணாம். ஆனா நான் கேட்டதுக்கு யாராவது பதில் சொல்லணும்" என்றார். நான்கு மாதம் ஆயிற்று. அந்தக் கை கட்டோடு இருந்த நாளெல்லாம் அவர் மகள் ஃபரீஹா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கேண்டீனில் கரண்டி பிடித்தார். பதில் சொல்ல வேண்டிய நாம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மையார் இன்று என் அழைப்பை ஏற்று, இதோ, முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

மைமூன் அம்மா, இத்தனை பேர் முன்னிலையில் பதில் சொல்கிறேன். அந்த டயர் பாஸ் ஆகவில்லை. வேறு டயரை மாட்டிப் பாஸ் வாங்கினோம். மாட்டியவன் நான். பிரெட்ரிக் உங்களிடம் சொன்ன பொய்யைச் செய்து கொடுத்தது என் கை. எங்களை மன்னியுங்கள்.

யார் அங்கே? சொல்லுங்கள் அர்ச்சுனன், எழுந்தே சொல்லுங்கள். "மன்னிப்பு கேட்டுட்டீங்க, சரி. டயர் யார் வாங்கித் தருவா? பேசுறது ஈசி லா செயலாளர்!" கேட்டீர்களா? நியாயமான கேள்வி! பேசிவிட்டு நான் இறங்கிவிடுவேன், டயர் தானாக முளைக்காது. ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். டயர் கடை ஐயாசாமி அவர்களிடம் போன வாரம் பேசி முடித்துவிட்டேன். சங்கமே மொத்தமாக எடுக்கும். நீங்கள் மாதாமாதம் கட்டிக்கொள்ளலாம். அந்த நான்கு டயர்கள்? அவற்றைப் பிரெட்ரிக் காரில் மாட்டியாயிற்று. இனி அவை எந்தக் காருக்கும் கால் மாறாது. நாசர் பாய், உங்கள் பின்னறையில் இனி அரிசி மட்டும் வையுங்கள்!

இப்போது தீர்மானம். நேற்று வரை இதில் ஒரே வரி இருந்தது. இன்று அதற்கு மேலே இன்னொரு வரியை எழுதியிருக்கிறேன். "எந்த நாளும், எந்த இடத்திலும், முன்னறிவிப்பின்றி எங்கள் கார்களைச் சோதியுங்கள்." இது முதல் வரி. "தேறிய காரை வயதைக் காட்டித் தள்ளாதீர்கள்." இது இரண்டாவது வரி. முதல் வரிக்குத் துணிந்தவனுக்குத்தான் இரண்டாவது வரியைக் கேட்கும் உரிமை! விதியே வேண்டாம் என்று நாம் கேட்கவில்லை. விதி வேண்டும், விழிப்பான விதி வேண்டும்! நம்மைச் சந்தேகப்படும் விதிக்கு நாம் ஏன் அஞ்ச வேண்டும்? நாமே நம்மைச் சோதித்துக்கொண்டு நிற்கும்போது, நம்மை எந்த அதிகாரியின் மேசை தள்ளிவிடும்? எந்த முத்திரை மறுத்துவிடும்? நாம் வெல்வோம். ஜூன் மாதத்துக்குள் வெல்வோம். சொல்லி வைத்து வெல்வோம்!

கையைத் தூக்கச் சொல்லும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். சற்று முன் வாசலில் மைமூன் அம்மாவை வரவேற்றேன். எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"பிரெட்ரிக் காடியிலதான் வந்தேன். கூப்பிட்டேன், வந்தாங்க."

அவ்வளவு நம்பிக்கையா அம்மா என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நம்பிக்கையெல்லாம் இல்ல. நாலு டயரையும் குனிஞ்சு பார்த்துட்டுதான் ஏறினேன்."

குனிந்து பார்க்கட்டும் ஐயா! நம் காரில் ஏறும் ஒவ்வொருவரும் குனிந்து பார்க்கட்டும்! அப்போதும் நம் தலை நிமிர்ந்திருக்கும் என்று நினைப்பவர்கள், இப்போது கையைத் தூக்குங்கள்!

நன்றி. எண்ணத் தேவையில்லை, இறக்கிக்கொள்ளுங்கள். இவ்வளவு நேரம் என் கசப்பையும் சேர்த்துக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. கேள்வி கேட்ட தாய்க்கு அனைவரின் சார்பிலும் வணக்கம். சாப்பிட்டுவிட்டு, பெல்ட் போட்டுக்கொண்டு, பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்.