முதல் போன் யாருக்கு

வேலைவாய்ப்பு முகாமில் மேசைக்குப் பின்னால் உட்காரக் கூடாது. பெரிய பெரிய நிறுவனங்களே செய்கிற தப்பு அது. பின்னால் உட்கார்ந்துவிட்டால் வருகிறவர் மனு கொடுக்க வந்தவர்போல் கூனிக் குறுகிவிடுகிறார். நாம்தான் எழுந்து முன்னால் வர வேண்டும். உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர். பக்கத்து மேசைக்காரர்கள் மதிப்பெண்ணைத் துருவிக்கொண்டிருப்பார்கள்; நான் "சாப்டீங்களா?" என்று கேட்பேன். வரிசையில் நின்று கால் கடுத்தவர்களுக்கு அது போதும். இன்னொன்று, "சொல்லி அனுப்புறோம்" என்று ஒருநாளும் சொல்லக் கூடாது. ஆள் பிடித்திருந்தால் அங்கேயே வேலையைக் கொடுத்துவிட வேண்டும்.

இதைக் கேட்க நீங்கள் வரவில்லை என்று தெரியும், சார். தம்பியைப் பறிகொடுத்தவனிடம் புகார் வாங்க வந்திருக்கிறீர்கள். மருத்துவமனையில் அண்ணன் என்று கையெழுத்துப் போட்டது நான்தான். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

எங்களுடையது சாயத் தொழிற்சாலை; அதற்கு ஆள் எடுப்பது என் வேலை. அடியில் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது. அவ்வப்போது அதில் ஆள் இறங்கி அடியில் படிந்ததை அள்ள வேண்டும். விஷவாயு வெளியேற வேண்டுமானால் இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் காத்திருப்பதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் இறங்கினார், ஏறி வரவில்லை. அவருடைய தம்பிகள், மாமனார், கைக்குழந்தையோடு மனைவி என்று ஒரு கூட்டமே வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. தொழிற்சாலையைத் திறக்கவே முடியவில்லை.

எங்கள் மேலாளர் என் மனைவியின் அண்ணன். எல்லாம் அடங்கிய பிறகு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"மாப்ள, இனிமே கொஞ்சம் பாத்து ஆள் எடுங்க."

"எதைப் பாத்து மச்சான்?"

"வாசல்ல வந்து உக்கார ஆள் இருக்கான்னு பாத்து."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

நேரடியாகக் கேட்டால் உண்மை வராது. யாருமில்லாதவர்கள் வெட்கப்பட்டு, வீட்டில் ஆள் இருப்பதாகச் சொல்வார்கள். வீடு நிறைய ஆள் இருப்பவர்கள் இரக்கம் தேடி யாருமில்லை என்பார்கள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். "உங்களுக்கு வேலை கிடைச்சிருச்சு" என்று கையைக் குலுக்குவேன். பிறகு, "முதல்ல யாருக்குப் போன் பண்ணப் போறீங்க?" என்பேன். சிலர் நான் கேட்டு முடிப்பதற்குள் அம்மா என்று அழைத்து அழுதுவிடுவார்கள். அவர்களைப் பொதிகட்டும் பிரிவுக்கு அனுப்புவேன். சிலர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் தொட்டிக்கு.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கிற இவனுக்கு முப்பது வயதிருக்கும். லாரி கிளீனராக ஊர் ஊராகச் சுற்றியவன். கேள்வியைக் கேட்டதும் போனை எடுக்கக்கூட இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தான்.

"உங்களுக்குத்தாண்ணே பண்ணணும். வேற யாரு இருக்கா."

வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்து எண்ணைக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே கூப்பிட்டான். "அண்ணே, எனக்கு வேலை கிடைச்சிருச்சு" என்றான், எனக்குத் தெரியாததுபோல. அதன்பிறகு வேலை முடிந்ததும் தினமும் கூப்பிடுவான். புதுச் செருப்பு வாங்கியிருக்கிறான். பக்கத்துக் கட்டில்காரர் குறட்டையில் ஜன்னல் அதிர்கிறது. எனக்குச் சளி பிடித்திருந்தபோது குரலை வைத்தே கண்டுபிடித்து, "வெந்நி குடிங்கண்ணே" என்று அதட்டினான். சொல்லப்போனால், மணி அடிக்கத் தாமதமானால் நானே போனை எடுத்துப் பார்ப்பேன்.

கடைசியாகப் பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"அண்ணே, நாளைக்குத் தொட்டில எறங்கச் சொல்றாங்க. மூச்சு முட்டும்னு இங்க எல்லாரும் பயமுறுத்துறாங்க. நெசமா?"

"ஒண்ணும் ஆகாது. சும்மா எறங்கிட்டு வா."

"நீங்க சொன்னா சரிண்ணே."

மறுநாள் அவன் போனில் இருந்த ஒரே எண்ணுக்கு மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். பிணவறை ஊழியர், "நீங்க யாரு அவருக்கு?" என்று கேட்டார். மேலதிகாரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அண்ணன் என்று வந்தது. நகக்கண்ணிலெல்லாம் நீலச் சாயம். எரித்துவிட்டு வந்தேன். மச்சான் கோபித்துக்கொண்டார். "ஆள் இல்லைன்னுதானே மாப்ள எடுத்தீங்க, இப்ப நீங்களே போய் நின்னா எப்படி?" என்றார். நியாயமான கேள்விதான்.

அடுத்த முகாமுக்கும் போனேன். அவன் இடம் காலியாக இருந்ததே. ஒருவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கையைக் குலுக்கி, வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவர் போனை எடுத்து அதையே பார்த்தார். என் தோளுக்குப் பின்னால், மூச்சுப் படுகிற தூரத்தில், "உங்களுக்குத்தாண்ணே" என்று கேட்டது. திரும்பினேன். துணிப் பதாகை மட்டும் காற்றில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. எதிரில் இருந்தவர் இன்னும் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை எடுத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் சாயங்காலத்தில் போனை அணைத்து அலமாரிக்குள் வைத்துவிடுகிறேன். இருந்தும் அடிக்கிறது. என் மனைவிக்குக் கேட்பதில்லை. எடுத்தால் அந்தப் பக்கம் பேச்சில்லை. யாரோ மூச்சுக்குத் தவிக்கிற சத்தம். "வெந்நி குடி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

நீங்கள் இவன் ஒருவனைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அந்த முதல் ஆளுக்குப் பிறகு, இவனுக்கு முன்னால், ஐந்து பேர் இறங்கி ஏறவில்லை. அவர்களைப் பற்றி இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை. கேட்க ஆளில்லாதவர்களாகப் பார்த்து எடுத்தவன் நான். அவர்களைப் பார்க்க நான்கூடப் போகவில்லை. இவனுக்கு மட்டும்தான் கடைசியில் கொள்ளி வைக்க ஓர் அண்ணன் இருந்தான். அந்த வகையில், சார், இவனை நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்.