தூக்கும்போது ஒரே குரல்

கடவுள் எனக்குத் தாராளமாகத் தந்தது இந்தக் குரல் ஒன்றைத்தான், ஐயா. கெலிஓயாச் சந்தியில் நான் இருமினால் கம்பளை பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மூளையையும் அதே அளவுக்குத் தந்திருந்தால் நீங்கள் இவ்வளவு தூரம் விசாரணைக்கு வர வேண்டியிருந்திருக்காது.

எங்கள் வேர்க்ஷொப்பில் கனமான மெஷினைத் தூக்கும்போது ஒருவர்தான் குரல் கொடுப்பார். நாலு பேர் நாலு விதமாகக் கத்தினால் சங்கிலி இழுப்பவன் குழம்பிப்போவான். பதினெட்டு வருடம் அந்தக் குரல் என்னுடையது. "கறுப்பையா பாஸ் வாயத் தொறந்தா லேத் மெஷினே எந்திரிச்சு நிக்கும்" என்பார்கள். நானும் நம்பினேன். மெஷினைத் தூக்குவது மேலே தொங்கும் செயின் புளொக் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

போன மாதம் முதலாளி ஹுதைபா அந்தப் பொறுப்பைக் கணபதியிடம் கொடுத்தார். கணபதி கலஹாக்காரன், என்னோடு பத்து வருடமாக வேலை செய்பவன். பேராதனையில் பாரம் தூக்குவது பற்றிய மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்திருந்தான். "பாஸ், நீங்க இனி செயின இழுங்க. சத்தம் குடுக்கிறத கணபதி பாத்துக்குவான்" என்றார் முதலாளி. நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அன்று வீட்டில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தேன். யாரும் கவனிக்கவில்லை என்பதால் நானே எழுந்து போட்டுச் சாப்பிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்றரைத் தொன் லேத்தை இடம் மாற்ற வேண்டியிருந்தது. மெஷினைத் தூக்கி, அடியில் இரும்புக் குழாய்களை வைத்து உருட்டிக்கொண்டு போவது வழக்கம். தூக்கும் பெல்ட் கூரான விளிம்பில் உரசாமல் இருக்கக் கணபதி சாக்கை மடித்து வைத்தான். சரியாகத்தான் வைத்தான். நாலு இழுப்பு இழுத்ததும் என் பக்கத்துச் சாக்கு நழுவி விழுந்தது. மறுபக்கம் நின்ற அவனுக்கு அது தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. இன்று குரல் என்னுடையதல்ல, விதி விதிதானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மெஷின் கொஞ்சம் சாயும், முதலாளிக்கு முன்னால் கணபதியின் முகம் கறுக்கும், அதற்கு மேல் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன்.

"இழுங்கண்ணே" என்றான். இழுத்தேன். பெல்ட்டில் நூல் பிரிவது நன்றாகத் தெரிந்தது.

"இன்னுங் கொஞ்சம்." இழுத்தேன்.

பிறகு, கோணலாகக் கிடந்த குழாயைச் சரிசெய்ய அவன் வலது காலை உள்ளே நீட்டினான். அப்போதும் நேரம் இருந்தது, ஐயா. அந்த நேரத்தை நான் வாயை மூடிக்கொண்டு ஒழுங்காகக் கழித்தேன்.

பெல்ட் அறுந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அலவாங்குக் கம்பியைப் போட்டு மெஷினைக் கிளப்பி அவனை வெளியே இழுத்தவன் நான் என்பதால் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அது எனக்கு நன்றாக வரும்.

ஆஸ்பத்திரிக்குப் போய்த் தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். "எம் பெழதாண்ணே, நாந்தான் சாக்கச் சரியா வைக்கல" என்று அழுதான். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் அது கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது. அவன் சாப்பிடாத பழத்தை நானே சாப்பிட்டு முடித்தேன்.

உங்களிடமும் அவன் அதையேதான் சொல்லியிருக்கிறான். நீங்கள் அப்படியே எழுதிவிட்டால் காலோடு அவன் வேலையும் போய்விடும். அதனால்தான் வந்தேன். வாய் திறக்கக் கூடாது என்ற விதியை மதித்தேன், என் குற்றம் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் நீங்கள் வேர்க்ஷொப் சுவரில் எழுதியிருந்ததை நோட்டில் குறித்துக்கொண்டீர்கள்: "தூக்கச் சொல்ல ஒருவர் மட்டும்." அதை எழுதியவன் நான்தான். அதற்குக் கீழே தொங்கும் கலண்டரை விபத்துக்கு மறுநாள் மாட்டியவனும் நான்தான். அதைக் கழற்றிப் பாருங்கள், ஐயா. இரண்டாவது வரியும் என் கையெழுத்துத்தான்: "நிறுத்தச் சொல்ல எல்லோரும்."