மதகு, இரண்டாம் பக்கம்

“அந்தப் பாட்டைக் கொஞ்சம் போடுங்களேன், கேட்கலாம்.”

இதை மட்டும் அங்கே கேட்டுவிடாதே என்று கீர்த்தி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். போன முதல் ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிட்டேன். பாட்டு ரசிகர்கள் கூடுகிற இடத்தில் பாட்டைப் போடச் சொல்வது குற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் பட்டுக்கடையில் ஆன்லைன் ஆர்டர் பார்க்கிறவள். புடவையைப் பிரித்தே காட்டாமல் அதன் பார்டரைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினால் எங்கள் கடையில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

“பாட்டைப் போட்டா அப்புறம் எப்படிப்பா பேசறது?” என்றான் லோகேஷ். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். செய்தது நான். என்னிடம் கேட்பதுதான் முறை.

‘மறுகாது’ என்பது ஒரு வாட்ஸ்அப் குழு. நாற்பத்தொரு பேர். அதில் பத்துப் பேர் ஞாயிறு காலையில் லோகேஷ் வீட்டு மாடியில் கூடுவார்கள். கீழே நான்கு தறி. அவன் அப்பா குப்புசாமி பெயரைச் சொன்னால் காஞ்சிபுரத்தில் ஆட்டோக்காரர் வழி கேட்க மாட்டார். மாடியில் என் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் உண்டு. தூசி படாமல் இருக்கப் பட்டுத் துணி போட்டு மூடியிருப்பான். பதினான்கு மாதம் அங்கே போயிருக்கிறேன். அந்தத் துணியை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.

ஒவ்வொரு வாரமும் ஆளுக்கொரு ‘யாருக்கும் பிடிக்காத கருத்து’ சொல்ல வேண்டும். ஆல்பத்தை வரிசை மாற்றிக் கேட்கிறவன் சாம்பாருக்கு முன்னால் மோர் ஊற்றிச் சாப்பிடுகிறவன் என்பது லோகேஷின் கருத்து. போனில் வருகிற பாட்டில் ரத்த ஓட்டமே இல்லை, கேசட்டோடு அது போய்விட்டது என்பார் ரிட்டயரான கணக்கு வாத்தியார் நமச்சிவாயம் சார். கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த கீர்த்தி ஒரு படி மேலே. பத்தாயிரம் பேர் கேட்டுவிட்ட பாட்டைத் தன் லிஸ்டிலிருந்து தூக்கிவிடுவாள். வருடக் கடைசியில் அந்த ஆப், யார் பாட்டை எத்தனை முறை கேட்டீர்கள் என்று ஒரு படம் அனுப்புமே, அதற்காக யாருக்கும் தெரியாத ஒரு பாடகரைச் சத்தத்தை அணைத்து நாள் முழுக்க ஓடவிடுவாள். யாருக்கும் பிடிக்காத கருத்து என்று பெயர்தான். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் பிடிக்காமல் போய் நான் பார்த்ததில்லை.

என் முறை வந்தது. ஆல்பம் முழுக்க உட்கார்ந்து கேட்க எனக்கு நேரமில்லை, திருவிழாவில் ஸ்பீக்கர் கட்டிப் போடுகிற குத்துப் பாட்டுதான் பிடிக்கும் என்றேன். லோகேஷ் மிகவும் மரியாதையாகச் சொன்னான்: “பரவால்ல பிரவீனா. உங்க பக்கம் அப்படித்தானே இருக்கும்? அதுவும் ஒரு ரசனைதான்.”

அதுவும்.

எங்கள் பக்கம் என்பது ஐயம்பேட்டைக்கு வெளியே காலனி. எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். கோபம் வந்தால் நான் சத்தம் போடுவதில்லை. படித்ததன் பலன் அது. அடுத்த வாரம் குழுவில் ஒரே ஒரு செய்தி போட்டேன்:

‘மதகு கேசட்டில் இரண்டாம் பக்கம்தான் அசல். முதல் பக்கம் விற்பனைக்காகச் சேர்த்தது. யாருக்கும் பிடிக்காது, தெரியும்.’

அப்படி ஒரு கேசட் உலகத்தில் கிடையாது. பஸ்ஸில் தென்னேரி ஏரியைத் தாண்டும்போது மதகைப் பார்த்தேன், பெயர் வைத்தேன்.

பதினோரு நிமிடத்தில் லோகேஷ் பதில் போட்டான். என் கருத்தை அவன் மதிக்கிறானாம், ஆனால் முதல் பக்கத்தின் மூன்றாவது துண்டைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் இரண்டாம் பக்கத்தைத் தூக்கிப் பேசுவார்களாம். நமச்சிவாயம் சார் அதைத் தொண்ணூற்று நான்கில் மார்க்கெட்டுக்கு எதிர்க்கடையில் வாங்கியிருக்கிறார். சகலை இரவல் வாங்கிப் போனவர் திருப்பித் தரவில்லை. கீர்த்திதான் எல்லாரையும் மிஞ்சினாள். ஆப்பில் அது புதுப்பித்து வந்ததாம், பேஸ் சத்தத்தையே நீக்கிக் கெடுத்துவிட்டார்களாம், அதனால் அவளே புகார் எழுதி எடுக்க வைத்தாளாம்.

எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

மூன்று மாதம் ‘மதகு’ பற்றித்தான் பேச்சு. யார் வாசித்தது என்று கேட்டார்கள். ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு டிரம்பெட்காரர் என்றேன். அவர்கள் தேடினார்கள். கண்டுபிடித்தும்விட்டார்கள். சிட்டிபாபு, வயது ஐம்பத்தெட்டு, பேண்டு செட்டில் டிரம்பெட். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊதுகிறவர். லோகேஷ் அவர் காலைத் தொட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

கண்டுபிடித்தார்கள் என்றேன். போன் நம்பர் கொடுத்தது நான்தான். அவர் என் அப்பாவின் அண்ணன்.

இதில் என்ன நியாயம் என்று நீங்கள் கேட்கலாம். யோசித்துத்தான் செய்தேன். வெறும் கேசட்டோடு நிறுத்தியிருந்தால், ஏதோ தமாஷ் என்று தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் மாலை போட வேண்டும். மைக்கில் பேச வேண்டும். பேசியதை வீடியோ எடுக்க வேண்டும். மாலை போட ஒரு கழுத்து தேவைப்பட்டது. தெரியாத ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவது தவறு. பெரியப்பா நம் ஆள்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லைதான். அதையும் மறைக்கவில்லை.

“நானு எந்தக் கேசட்டுக்கும் ஊதலமா. ஆள் மாறிப் பேசிக்கினு இருக்கறாங்க, நீ சொல்லிடு” என்றார்.

“நல்லா யோசிச்சுப் பாரு பெரிப்பா. தென்னேரியில ஒரு கல்யாணம். ஓரமா ஒருத்தர் டேப் வெச்சிக்கினு உக்காந்திருந்தாரே.”

“இருந்தாரா?”

“அவரு பதிவு பண்ணி வித்துட்டாரு. உனக்குச் சொல்லல.”

அவர் தன் கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். “நீ படிச்ச பொண்ணு. விசாரிக்காம சொல்ல மாட்டே” என்றார்.

ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். அந்த ஆள் மஞ்சள் சட்டை போட்டிருந்தானாம். மோளம் அடிக்கிற ராமராஜனிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தானாம். அதற்கடுத்த வாரம் எந்தப் பாட்டை முதலில் ஊதினார் என்பதும் நினைவுக்கு வந்துவிட்டது. நான் எதையும் சேர்க்கவில்லை. எல்லாம் அவரே சொன்னது.

அவரைக் கண்டுபிடித்ததிலிருந்து விழா வரைக்கும் நாற்பது நாள் அவர் எப்படி இருந்தார் என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். தலைக்கு மை போட்டுக்கொண்டார். டீக்கடையில் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார். அவர் பெண் சுகாசினியின் மாமியார் வீட்டில் ‘சாவுக்கு ஊதறவன் பொண்ணு’ என்றுதான் பேச்சு. அந்த மாமியாரே போன் போட்டு, “சம்பந்தி, நீங்க ஆர்ட்டிஸ்டாமே, எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே” என்றாராம். சுகாசினி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஆகவே நான் அவர்களுக்குக் கெடுதல் மட்டுமே செய்தேன் என்று சொல்ல முடியாது.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிறு காலை. ‘தொலைந்த கேசட்டின் நாயகன்’ என்று பேனர். இருநூறு பேர் இருக்கும். சம்பந்தி வீட்டார் வேன் வைத்து வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். பெரியப்பா டிரம்பெட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பித்தளை பளபளக்கத் துலக்கியிருந்தார். ஊதட்டுமா என்று இரண்டு முறை கேட்டார். “பேச்சாளர்கள் நாலு பேர் இருக்காங்கய்யா, நேரம் இருந்தா கடைசில பார்க்கலாம்” என்றான் லோகேஷ்.

நன்றாக ஊதுவார் என்று சொல்வார்கள். எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் அவர் ஊதிக்கொண்டு போகும்போது நான் கதவைச் சாத்திக்கொள்வேன். கூடப் படிக்கிறவர்கள் யாராவது அந்த வழியாகப் போய், இவர் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டால்?

லோகேஷ் இருபது நிமிடம் பேசினான். முதல் பக்கத்தின் மூன்றாவது துண்டில் பெரியப்பா வேண்டுமென்றே மூச்சை விட்டுப் பிடிக்கிறாராம். பெரியப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நமச்சிவாயம் சார் கண் கலங்கினார். பொன்னாடை லோகேஷ் வீட்டுத் தறியில் நெய்தது. பிறகு பெரியப்பாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். “நானு ஊதினா ஜனம் பொணத்தைப் பார்க்கும், இல்ல பொண்ணு மாப்பிள்ளையப் பார்க்கும். என்னை யாரும் பார்த்ததில்லபா” என்றார். கைதட்டல் நிற்கவே இல்லை.

நன்றியுரை என்னுடையது. மேடையேறி, மதகு கேசட்டைக் கேட்டவர்கள் கை தூக்குங்கள் என்றேன். மறுகாது ஆட்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள். ஒருமுறை கூடக் கூட்டத்துக்கு வராதவர்கள்கூடத் தூக்கினார்கள். என் பின்னால் பெரியப்பாவும் தூக்கினார்.

“அப்படி ஒரு கேசட் கிடையாது. பெயர் வைத்தது நான். இத்தனை நாள் நீங்கள் பேசியதெல்லாம் இல்லாத ஒன்றைப் பற்றி” என்றேன். நிதானமாக, வார்த்தை தடுக்காமல் சொன்னேன். வீடியோவில் பார்க்கலாம்.

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பெரியப்பாவின் கை மட்டும் இறங்கவில்லை. இறக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. சுகாசினி மேடைக்கு வந்து அதைப் பிடித்துக் கீழே கொண்டுவந்தாள். சம்பந்தி வீட்டு வேன் சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்பிப் போனது.

நான் எதிர்பார்த்தது மறுகாது ஆட்கள் தலைகுனிவார்கள் என்று. ஒரு மாலைப் பொழுது குனிந்திருந்தார்கள். மறுநாள் லோகேஷ் ஒரு ரீல் போட்டான்: ‘நாங்கள் ஏமாந்தோம். இசை ஏமாற்றவில்லை.’ மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். முதலிலிருந்தே தெரியும், ஒரு பரிசோதனை கெட்டுவிடக் கூடாது என்றுதான் சும்மா இருந்தேன் என்கிறார் நமச்சிவாயம் சார். இல்லாத ஆல்பம்தான் இதுவரை வந்ததிலேயே சிறந்த ஆல்பம் என்பது கீர்த்தியின் கருத்து. அதையும் யாரும் மறுக்கவில்லை. என்னைக் குழுவுக்கு அட்மின் ஆக்கினார்கள். “செம மூளைப்பா உனக்கு. எங்கள்ல ஒருத்தி நீ” என்றான் லோகேஷ். ஏற்றுக்கொண்டேன். வெளியில் நின்று கல்லெறிவதைவிட உள்ளே உட்கார்ந்து மாற்றுவது பயனுள்ளது.

இன்று காலை பெரியம்மா ரேணுகாம்பாள் கூப்பிட்டதால் அங்கே போனேன். விழா முடிந்து நாலு மாதம் ஆகிறது. பெரியப்பா மைக் பிடித்ததை யாரோ தனியாக வெட்டி, சிரிப்புச் சத்தம் சேர்த்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். வேலைக்குப் போவதில்லை. டிரம்பெட்டை விற்றாகிவிட்டது. சுகாசினி இரண்டு மாதமாக அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

பெரியப்பா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பாமல் கேட்டார்: “இன்னாமா, அந்த ஆளு வந்தானா, வர்லியா?”

நான் போனில் மணி பார்த்தேன்.

“கண்ணுக்கு நல்லாத் தெரியுதே. தண்ணி வாங்கிக் குடிச்சானே. அது பொய்யின்னா, எங்கப்பன் எனக்கு ஊதக் கத்துக் குடுத்தது? அதுவும் இப்படித்தான் தெரியுது. அது நடந்துதா?”

பெரியம்மா என்னை வாசலுக்கு இழுத்துப் போனாள். “தினத்துக்கும் இதான்மா. சோறு எறங்க மாட்டேங்குது. எதக் கேட்டாலும் நடந்துதா, நடந்துதான்றாரு. நேத்து என்னைப் பார்த்து, உன்னை நான்தான் கட்டிக்கினனான்னு கேக்கறாரு.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீ சொன்னா நம்புவாரு. வந்தான், ஊதினது நெசம், அந்தக் கேசட்டு எங்கியோ இருக்குதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. உன் காலப் புடிக்கறேன்.”

காலைப் பிடிக்க விடவில்லை. என்ன இருந்தாலும் பெரியவர்கள். கையைப் பிடித்து நிமிர்த்தி, பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதுவும் புரிந்த மாதிரி தெரியவில்லை. உள்ளே அவர் மறுபடி கேட்கத் தொடங்கியிருந்தார்.

என்ன கேட்பார்கள் என்று வரும்போதே ஊகித்திருந்தேன். பதிலையும் ஷேர் ஆட்டோவிலேயே முடிவு செய்துவிட்டேன். அதனால் நேரம் வீணாகவில்லை. பத்து மணிக் கூட்டத்துக்கு நான்தான் தலைமை.

பெரியம்மாவிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். என்ன தப்பு வேண்டுமானாலும் என் மேல் சொல்லுங்கள். ஆனால் ஒரு வயதான மனிதரின் முகத்துக்கு நேராகப் பொய் சொல்ல எனக்கு வராது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.