மாட்டுறது எப்போ?

சர்டிபிகேட் வாங்க வந்திருக்கற எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்குக் காலையில எழுந்ததும் நான் செஞ்ச முதல் வேலை என்ன தெரியுமா? பச்சைத் தண்ணியில குளிச்சேன். ஓசூர்ல... மார்கழியில! சிரிக்காதீங்க, பல்லு இன்னும் தந்தியடிக்குது. ஏன் குளிச்சேன்? அது ஒரு சின்னக் கதை, சொல்லிடறேன்.

நம்ம பயிற்சி மையத்துல போன பேட்ச்ல யசோதம்மானு ஒருத்தங்க. பதினெட்டு வருஷம் வேலை பார்த்த கம்பெனியை மூடிட்டாங்க. வயசு நாற்பத்து மூணு, ரெண்டு பொண்ணு. 'பன்னிரண்டே நாளில் வீட்டு மின்சாதன ரிப்பேர், கையில் வேலை'ங்கற நோட்டீஸைப் பார்த்து வந்தாங்க. நோட்டீஸ் எழுதின மகராசி யாரு? நான்தான்.

சர்டிபிகேட் வாங்கினாங்க. சர்வீஸ் கடை இக்பால் பாய், "ஒரு வேலை செஞ்சு காட்டுங்கம்மா, நாளைக்கே சேர்த்துக்கறேன்"னார். எங்க வீட்டு கீசர் சரியா சூடாகல, அதையே செஞ்சு காட்டட்டும்னேன். நேத்து ரெண்டு பேரும் வந்தாங்க.

அடடா... கழட்டினாங்க பாருங்க! மூடி, தெர்மோஸ்டாட், காயில்... பேப்பர் விரிச்சு கொலு பொம்மை மாதிரி அடுக்கினாங்க. அப்புறம்... உக்காந்துட்டாங்க.

"என்ன யசோதம்மா, மாட்டலையா?"

"பதினோரு நாளும் கழட்டத்தான் சொல்லிக் குடுத்தாங்க மேடம். பன்னிரண்டாவது நாள் போட்டோ."

"அப்ப மாட்டுறது எப்போ?"

"அதைத்தான் அன்னிக்கு நானும் கேட்டேன். 'போண்டா ஆறுது, போங்க'ன்னீங்க."

இக்பால் பாய் எழுந்தார். "கழட்ட என் கடையில ஆள் இருக்கு மேடம், மாட்டத்தான் இல்லை. ஒரு வாரத்துல மாட்டிக் காட்டட்டும், பார்க்கலாம்." அவரே மாட்டித் தரேன்னார். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சரிங்கறது? வேணாம்னுட்டேன்.

நாற்பது நாள் பயிற்சியைப் பன்னிரண்டா வெட்டினது யாரு? அதுவும் நான்தான். வருஷத்துக்கு எத்தனை பேட்ச்! ரிப்போர்ட்ல எவ்வளவு அழகு! எத்தனை பேர் வேலைக்குப் போனாங்கனு கேட்டோமா... கேட்டோமா?

சரி, ஆறு மாசமாக்கிடலாமானு நேத்தே கேட்டேன். "அதுவரைக்கும் எங்க வீட்டுல யார் மேடம் உலை வைப்பா?"ன்னாங்க யசோதம்மா. நியாயம்தானே? அதனால, காலண்டரைப் பார்த்து நாள் குறிக்கக் கூடாது. ஒவ்வொருத்தரும் கழட்டினதைத் தானே மாட்டுற வரைக்கும் பயிற்சி நடக்கணும். ஒரு நாள் கூடவும் வேணாம், குறையவும் வேணாம்.

ஆகவே... மேஜை மேல அடுக்கி வச்சிருக்கே சர்டிபிகேட், அது இன்னிக்குக் கிடையாது. இதை யார்கிட்டயும் சொல்லல. மேடையில இருக்கற நம்ம டைரக்டர் சாருக்கே இப்பத்தான் தெரியும், அதான் தண்ணி குடிக்கிறார். போண்டா தாராளமா சாப்பிடுங்க. நாளைக்கு ஒன்பது மணிக்கு எல்லாரும் மறுபடி பயிற்சிக்கு வாங்க. யசோதம்மா, தூண் பின்னாடி ஒளியாதீங்க, முதல் ஆள் நீங்க. எங்க வீட்டு கீசரைச் சாக்குப் பையில போட்டுக் கொண்டு வரேன்.

நீங்க மாட்டுற வரைக்கும்... எனக்குப் பச்சைத் தண்ணிதான்.