கூட்டுக்குக் கூடு

இல்ல சாரே, நான் சும்மா கேக்கேன்… தோட்டம் எரிஞ்சவள நிம்மதியாட்டு உக்காந்து அழவாவது விடணுமா வேண்டாமா? இந்த ஊருல விடமாட்டாவ! பாத்து வாருங்க, அந்தக் கல்லு ஆடும்.

காட்டாக்கடையிலேந்து மெனக்கெட்டு மலய வாங்க வந்திருக்கிய, நல்லா பாத்துக்கிடுங்க. கறுப்பாட்டு தெரியுதுல்லா, அம்புட்டும் எனக்க ரப்பராக்கும். தையில இலை கொழிஞ்சு கெடக்கும்போ கீழ எவனோ காஞ்ச இலைய கூட்டி தீ வச்சான். காத்து அடிச்சுது, தீர்ந்துது. மரத்துக்க அடியில வரிசையாட்டு தேனீப்பெட்டி வச்சிருந்தேன்… சாம்பலு சாரே. ஒண்ணு மிஞ்சல்ல.

எனக்க மோன் அஜேஷ், கல்ஃப்புல இருக்கான், "வித்துட்டு வா அம்மா"ன்னான். நானும் புரோக்கர் மோகனன விளிச்சு, ஆள கொண்டாடேன்னு பறஞ்சேன். நானேதான்! உங்கள குத்தம் சொல்லல்ல.

ஆனா கூத்த கேளுங்க. மறுநாளு விடியல்ல கீழ வீட்டு சுகிர்தபாய் வாறா, தலையில தேனீப்பெட்டியோட! அவளுக்க கூட்ட ரெண்டாட்டு பிரிச்சு பாதிய கொண்டாந்திருக்கா. வேண்டாம்டீன்னேன், கேட்டாளா? பின்ன சோமன், அவனும் ஒரு பெட்டியோட. பின்ன சர்ச்சு பொம்பளைய கூட்டமாட்டு… சர்ச்சு அசன விருந்துக்குக்கூட இம்புட்டு ஆளு வராது! அடுத்த விளை ஷியாமளா… அவளுக்கும் எனக்கும் வேலிக்க பேருல வருஷக்கணக்கா பேச்சே கெடையாது. அவளுக்கும் பாதி எரிஞ்சதுதான். பேசாமலே ஒரு பெட்டிய வச்சுட்டு போறா! நான் இனி அவகிட்ட என்னன்னு சண்ட போடுவேன்?

உஸ்ஸ்… அனங்காதீங்க, அப்படியே நில்லுங்க. உங்களுக்க சட்டையில ஒரு ஈ. அது ஷியாமளா தந்த கூட்டுல உள்ளது, கொஞ்சம் கோவம் கூடுதல்.

இலை இல்லாத மலையில இதுவ எதத் தின்னும்? காலத்தே எழும்பி சிரட்ட சிரட்டையாட்டு சீனித்தண்ணி வைக்கேன். எனக்க காப்பிக்கு சீனி இல்ல! ஒருத்தரும் வரண்டாம்னு வாசல் கேட்ட பூட்டினேன். மதிலுக்கு மேலகூடி பெட்டிய தாறாவ!

இதுல பெரிய சிக்கலு எதுன்னா, இஞ்ச ஒரு மொற உண்டு. கூடு தந்தவளுக்கு வெறும் பெட்டிய திருப்பி குடுக்கப்பிடாது. தேனீ பெருகணும், பிரிக்கணும், ஒரு கூட்ட அவளுக்க வாசல்ல கொண்டு வைக்கணும். அதுக்கு மின்ன ஊர விட்டு போனா… செத்தாலும் பேசுவாவ சாரே! அதுக்கு இந்த மலையில தளிர் வரணும், ரப்பருக்கு தளிருக்க காம்புலயாக்கும் தேனு, அது ஊறணும்… எங்க வரும், இந்தக் கரிக்கட்டையில?

நில்லுங்க, நில்லுங்க. இந்த மரம்… இந்தப் பக்கம் கரி. அந்தப் பக்கம்? எனக்க கர்த்தாவே! தளிரு! செவப்புத் தளிரு! நேத்து இல்ல சாரே, சத்தியமாட்டு நேத்து இல்ல! அதுல ஒரு ஈயும் இருக்கு பாருங்க, குடிக்குது… குடிக்குது சாரே!

சாரே? ஐயோ, கைய வீசாதீங்க, பின்னாலயே வரும்! ஓடாதீங்க, கல்லு ஆடும்! காருக்க கண்ணாடிய ஏத்துங்க… ஒண்ணு உள்ள ஏறிட்டு!

…போய்ட்டாரு.

மலய விக்கல்லன்னு இந்த மனுசன்கிட்ட எப்படி சொல்லுவேன்னு காலத்தேந்து வார்த்தைய தேடிட்டு கெடந்தேன். வாய தெறக்கவே வேண்டி வரல்ல!

ஏடீ ஷியாமளா! வேலிக்கு அங்க நின்னு வாயப் பொத்திச் சிரிச்சது போதும். உனக்க ஈதான் அவர வெரட்டிச்சு. எதுக்கு சுத்தி வாறே, அந்த வேலிக் கம்பியத் தூக்கிட்டு இப்படியே வா… வந்து இந்தத் தளிரப் பாரு.